எல்லைப்புறச் சபைகளில் பாலர் வகுப்பு: எந்தச் சொல்லில், எந்தக் கதையைச் சொல்வது?

கேள்வி: பாறசாலைப் பக்கத்து ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கேரள-தமிழ்நாடு எல்லையில், பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையிலுள்ள ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) தமிழ்ச் சபையில் கடந்த ஜூன் மாதம் முதல் ஞாயிறு பள்ளியின் பாலர் வகுப்பை நடத்திவருகிறேன். 4 வயது முதல் 7 வயது வரை 19 பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரும்பாலானோரின் வீட்டில் தமிழும் மலையாளமும் கலந்த நம் ஊர்ப் பேச்சுதான் புழங்குகிறது. பள்ளிக்கூடத்தில் மலையாளமோ ஆங்கிலமோ படிக்கிறார்கள். தமிழ் எழுத்தை எழுத்துக்கூட்டியாவது வாசிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர் மட்டுமே.

எனக்கு முன் இந்த வகுப்பை நடத்திய அக்கா இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே முறையைப் பின்பற்றினார். ஒரு பாட்டு, ஒரு ஜெபம், பாடப் புத்தகத்திலிருந்து ஒரு கதையை வாசித்தல், ஒரு மனப்பாட வசனம், வருகைப் பதிவு, காணிக்கை. நானும் அப்படியே தொடங்கினேன். ஆனால் சில மாதங்களுக்குள் நடந்தவை என்னைத் தயங்க வைத்துவிட்டன.

நல்ல மேய்ப்பனின் கதையைச் சொல்லும்போது, "சாயங்காலம் ஆனதும் மேய்ப்பர் ஆடுகளையெல்லாம் பட்டியில் அடைத்தார்" என்றேன். வகுப்பே சிரித்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் குழந்தை சிரிக்காமல், "டீச்சர், பட்டிக்குள்ளே ஆட்டை எப்படி அடைப்பாங்க?" என்று கேட்டாள். அவர்களுக்குப் பட்டி என்றால் நாய் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானும் இதே ஊரில் பிறந்தவள்தான். புத்தகத் தமிழில் பேசவேண்டும் என்று நினைத்தவுடன் என் ஊர்ப்பேச்சையே மறந்துவிட்டேன்.

நோவாவின் கதையிலும் இப்படியே ஆயிற்று. "பெரிய வெள்ளம் வந்தது" என்று குரலைத் தாழ்த்தி, கண்ணை விரித்துச் சொன்னேன். பிள்ளைகளின் முகத்தில் பயமும் இல்லை, வியப்பும் இல்லை. வெள்ளம் என்றால் அவர்களுக்குக் குழாயில் வருகிற தண்ணீர். எங்கள் பகுதியில் கோடையில் அது வந்தால் மகிழ்ச்சியான செய்திதான்.

மனப்பாட வசனத்துக்கு வருகிறேன். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்பதை ஆறு வயதுப் பையன் ஒருவன் பிசகில்லாமல் சொன்னான். தாழ்ச்சி என்றால் என்னவென்று கேட்டேன். "தாழே விழமாட்டேன்" என்றான். ஆண்டு விழாவில் பாலர் வகுப்பு 12 வசனங்களை மேடையில் சொல்லவேண்டும் என்பது சபைக் கமிட்டியின் எதிர்பார்ப்பு. பொருள் தெரியாத 12 வசனங்களைக் குழந்தைகளின் வாயில் திணிப்பது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. திணிக்காமல் விடுவதும் சரியா என்று தெரியவில்லை.

கடைசியாக, மனத்தை மிகவும் உறுத்தியது ஒன்று. பாட வரிசையில் வந்தது என்பதற்காக ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடக் கொண்டுபோன கதையைச் சொன்னேன். மறுவாரம் ஒரு பையனின் தாய் என்னைத் தனியே அழைத்து, அவன் மூன்று இரவுகளாக அப்பாவின் அருகில் படுக்க மறுக்கிறான் என்றார்.

எந்த மொழியில் நடத்துவது, எந்தக் கதைகளை விடுவது, வசனத்தை என்ன செய்வது என்பதில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: மார்த்தாண்டம் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர்

அன்பு மகளே, உன் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாலர் வகுப்பில் உட்கார்ந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீளமாக எழுதுவது என் பழக்கம், பொறுத்துக்கொள்.

பட்டியில் நீ தடுக்கி விழுந்ததற்கு வேதாகமத்தின் பழைய திருப்புதலை, அதாவது பழைய மொழிபெயர்ப்பை, குறை சொல்ல முடியாது. யோவான் 10ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்த்தால் அங்கே இருப்பது "ஆட்டுத்தொழுவம்". மலையாளத்தில் தொழுத்து என்றால் மாட்டுக்கொட்டில். உன் வகுப்புக் குழந்தைகளில் பாதிப்பேராவது அந்தச் சொல்லை வீட்டில் கேட்டிருப்பார்கள். பட்டி என்ற சொல் பாடப் புத்தகத்தை எழுதியவருடையது. அவர் நம் பக்கத்தவராக இருந்திருக்க மாட்டார் என்பது என் ஊகம். நோவாவின் கதையும் அப்படியே. ஆதியாகமம் 6ஆம் அதிகாரத்தில் வெள்ளம் என்று சொல்லாமல் "ஜலப்பிரளயம்" என்று இருக்கிறது. இது கடினமான வடசொல் என்று சென்னையில் இருக்கிறவர்கள் நீக்கிவிடுவார்கள். ஆனால் 2018 ஆகஸ்டில் கேரளத்தின் பெரும்பகுதி மூழ்கியதை மலையாளத்தில் எல்லோரும் பிரளயம் என்றே சொன்னார்கள், இன்றும் அப்படியே சொல்கிறார்கள். உன் வகுப்புப் பிள்ளைகள் அப்போது பிறந்திருக்கமாட்டார்கள். இருந்தாலும் பிரளயம் என்ற சொல்லை அவர்கள் பாட்டியிடமிருந்து நூறு முறையாவது கேட்டிருப்பார்கள். அந்தச் சொல்லைச் சொல்லிப் பார், அவர்களின் முகம் மாறும்.

ஆகவே பழைய மொழிபெயர்ப்பு எல்லாமே கடினம், புதியது எல்லாமே எளிது என்ற கணக்கு நம் ஊருக்குப் பொருந்தாது. சொல்லுக்குச் சொல் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். நான் சனிக்கிழமை மாலையில் கதையை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பெயர்ச்சொல்லின் மீதும் விரலை வைத்து, "இந்தப் பொருளைப் பிள்ளை எங்கே பார்த்திருக்கிறது, வீட்டில் அதை எப்படிச் சொல்கிறது?" என்று கேட்டுக்கொள்வேன். கால் மணி நேர வேலைதான்.

தாழ்ச்சிக்கு வருகிறேன். 23ஆம் சங்கீதம் கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்று இருக்கிறது. மலையாள வேதாகமத்தில் "யஹோவ என்டெ இடயனாகுன்னு, எனிக்கு முட்டுண்டாகயில்ல" என்று இருக்கிறது. இடையன் நம் சொல், முட்டு என்பதும் நம் சொல். வீட்டில் அரிசி இல்லாதபோது முட்டுப்பாடு என்றுதான் என் தாயார் சொல்வார். மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தபின், பாலர் வகுப்பில் நான் வசனத்தை முதலில் சொல்வதே இல்லை. வீட்டில் சோறு இல்லாத ஒரு நாள், அம்மா எங்கோ போய்க் கொண்டுவந்தது என்று ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்வேன். அதன் முடிவில், "எனக்கு ஒரு முட்டும் வராது" என்று பிள்ளைகளைச் சொல்ல வைப்பேன். இரண்டு வாரம் கழித்து, "இதைத்தான் நம்முடைய வேதப்புத்தகத்தில் இப்படி எழுதியிருக்கிறது" என்று பழைய வசனத்தைக் கொடுப்பேன். அந்த வரிசை தலைகீழானால் வெறும் ஓசைதான் மிஞ்சும். அந்தப் பையன் "தாழே விழமாட்டேன்" என்று சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. மேய்ப்பனின் தோளில் இருக்கிற ஆட்டுக்குட்டி அப்படித்தான் நினைக்கும். அவனைத் திருத்தவேண்டாம்.

இன்னொன்று. நம் பிள்ளைகள் செம்மறியாட்டு மந்தையைப் பார்த்ததில்லை. அவர்கள் பார்த்தது ரப்பர் மரத்தடியில் கயிற்றில் கட்டிப்போட்ட ஒற்றை வெள்ளாடு. நூறு ஆட்டில் ஒன்று காணாமல்போன கதை அவர்களுக்கு வெறும் எண்ணிக்கை. வீட்டிலிருக்கிற ஒரே ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு போன கதையை முதலில் சொன்னால், அவர்களே எழுந்து நின்று எங்கெங்கே தேடவேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள்.

தமிழ் எழுத்தைப் பற்றி. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் இந்தப் பக்கம், தமிழ்நாட்டோடு, வந்தன. உன் பாறசாலை இருக்கிற நெய்யாற்றின்கரை அந்தப் பக்கம், கேரளத்தில், நின்றுவிட்டது. அங்கே நின்ற தமிழ்ச் சபைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் காட்டுகிற ஒரே இடம் பல வீடுகளுக்கு ஞாயிறு பள்ளிதான். வேதபாட வகுப்பில் எழுத்து எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியபோது, வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பதே அதன் முதல் வேலையாக இருந்தது. நம் நாஞ்சில் நாட்டிலும் மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் வந்த பிறகு மயிலாடியில் ஆலயமும் பள்ளியும் சேர்ந்தேதான் எழுந்தன. எனவே வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு எழுத்தை, ஒரே ஒரு எழுத்தை, கரும்பலகையில் எழுதிக் காட்டு.

மறுமொழி 2: தூத்தூர்ப் பக்கத்து மறைக்கல்வி ஆசிரியர்

சகோதரிக்கு வணக்கம். எங்கள் கடற்கரைப் பங்குகள் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தாலும் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆகவே உங்கள் சிக்கல் எங்களுக்கு எதிர்த்திசையில் இருக்கிறது: பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள், மறைக்கல்விப் பயிற்சிக்கு ஆசிரியர்களான நாங்கள் போகும்போது பேச்சு பெரும்பாலும் மலையாளத்தில் நடக்கிறது. மொழியைப் பற்றி மேலே ஐயா எழுதியதில் எனக்கு மாறுபாடு இல்லை. பயத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. நான் அப்போது முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்திக்கொண்டிருந்தேன். திருவருகைக் காலம் முடிந்து சில வாரங்களில், பாடத்தில் இயேசு கடலை அமைதிப்படுத்திய கதை வந்தது. எந்தப் பயிற்சிப் புத்தகமும் அதற்கு உதவவில்லை. அந்த அறையில் இருந்த பிள்ளைகளில் இரண்டு பேரின் தந்தையர் கடலில் போனவர்கள். "காற்று அடங்கிற்று, எல்லோரும் கரைசேர்ந்தார்கள்" என்று சொல்லி முடித்தால், "அப்படியென்றால் என் அப்பாவை ஏன் கரைசேர்க்கவில்லை?" என்ற கேள்வி வரும். வராவிட்டால் இன்னும் மோசம்; அது உள்ளேயே தங்கிவிடும்.

பங்குத்தந்தையிடமும் ஒரு மூத்த அருட்சகோதரியிடமும் கேட்டேன். அருட்சகோதரி, "கதையைத் தள்ளிப்போடு. ஒரு வருடம் தள்ளிப்போட்டால் விவிலியத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது" என்றார். அவ்வளவு எளிமையாக யாரும் எனக்கு அதற்கு முன் சொன்னதில்லை. பாட வரிசை என்பது ஆசிரியரின் வசதிக்காக வந்தது. அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அதற்கு முன் வரவேண்டும். அந்த ஆண்டு நாங்கள் அப்பமும் மீனும் கதையை நான்கு வாரம் நடத்தினோம். கரைக்கு வந்தவர்களுக்கு இயேசு கரியடுப்பில் மீன் சுட்டு வைத்திருந்த கதையையும் சேர்த்துக்கொண்டோம்.

மறுவருடம் புயலின் கதையைச் சொன்னபோது, படகின் பின்புறத்தில் இயேசு தலையணை வைத்துத் தூங்கினார் என்றதும், ஒரு பையன் குறுக்கிட்டு, "அமரத்திலே அவரே தூங்கினா, தண்டு யாரு பிடிச்சது?" என்றான். மீனவப் பிள்ளைக்கு அமரம் என்பது சுக்கான் பிடிக்கிறவனின் இடம். நான் பத்து வருடம் அந்தக் கதையைச் சொல்லியும் அப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு வகுப்பு அந்தக் கேள்வியிலேயே போனது. எல்லோரும் பயந்து நின்றிருந்தால் சுக்கானை யார் பிடித்திருப்பார்கள் என்று பிள்ளைகளே பேசினார்கள். பேதுருவாக இருக்கும் என்று முடிவு செய்தார்கள். தந்தையை இழந்த பெண் குழந்தை ஒருத்தி, "எங்க அப்பாதான் எப்பவும் அமரத்துல இருப்பாரு" என்று மட்டும் சொன்னாள். நான் ஒன்றும் விளக்கவில்லை.

ஈசாக்கின் கதையை ஏழு வயதுக்குள் சொல்லவே வேண்டாம் என்பது என் கருத்து. பெரியவர்களுக்கே அது விளங்காத கதை. கோலியாத்து விழுந்ததோடு தாவீதின் கதையை நிறுத்துங்கள். தலையை வெட்டியது பிறகு வரட்டும். பெரிய வெள்ளியைப் பற்றி ஒரு சொல்: சிலுவையின் கதையைச் சிறு பிள்ளைகளுக்கு ஒரு வாரமும் உயிர்ப்பை மறுவாரமும் சொல்லும் வழக்கம் எங்கள் பங்கிலும் இருந்தது. பிள்ளை அந்த ஏழு நாளும் இயேசு செத்துப்போனார் என்ற எண்ணத்தோடு இருக்கும். இப்போது இரண்டையும் ஒரே அமர்வில் சொல்லி முடிக்கிறோம். ஆணிகளைக் காட்டுவதில்லை.

கேள்வி கேட்டவரின் இடைக்குறிப்பு

ஐயாவுக்கும் சகோதரருக்கும் நன்றி. பிரளயம் என்ற சொல் எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் ஒரு தடை இருக்கிறது. சபையில் மூத்தவர்கள் சிலர், "மலையாளம் கலந்து கதை சொன்னால் தமிழ்ச் சபை எதற்கு? பக்கத்து மலையாளச் சபைக்கே போகலாமே" என்கிறார்கள். அவர்களின் கவலையை நான் இகழவில்லை. தமிழ் ஆராதனைக்காக அவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். வசனத்தைப் பழைய திருப்புதலில்தான் சொல்லவேண்டும் என்பதிலும் அவர்கள் உறுதியாக இருக்கிறார்கள்.

மறுமொழி 3: மூணாறு தோட்டத்திலிருந்து ஓர் அக்கா

தங்கச்சி, உங்கள் மூத்தவர்களின் கவலை எங்கள் மலையிலும் உண்டு. இங்கே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பேசுவது தமிழ்தான்; ஆனால் வெளியுலகம் மலையாளம். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் தமிழ் ஆராதனை முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கிறது. அம்மாமார் வாரத்தில் ஆறு நாளும் கொழுந்து பறித்துவிட்டு ஏழாம் நாள் துணி துவைக்கவேண்டியவர்கள். ரெய்க்ஸ் காலத்துப் பிள்ளைகளைப் பற்றி ஐயா எழுதியதை வாசித்தபோது எங்கள் தாய்மார்தான் நினைவுக்கு வந்தார்கள்.

மூத்தவர்களுக்கு நான் சொன்ன பதில் இது: வகுப்பின் மொழி தமிழ், அதில் மாற்றமில்லை. கதைக்குள் ஒரு சொல் பிள்ளைக்குப் புரியாவிட்டால் அதன் மலையாளச் சொல்லை ஒரு முறை சொல்வேன், பிறகு தமிழ்ச் சொல்லை மூன்று முறை சொல்வேன். தமிழைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அது பிள்ளையின் வாயில் ஏறவேண்டும். புரியாத தமிழை வாயில் வைத்திருக்கிற பிள்ளை பதினைந்து வயதில் அதைத் துப்பிவிடும். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன் என்று பிறகு வருந்தினேன், ஆனாலும் அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் ஒரு தாத்தாவையே மாதம் ஒரு முறை வகுப்புக்கு அழைத்துக் கதை சொல்ல வைத்தேன். அவர் பேசுகிற தமிழைக் கேட்க இப்போது பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். எதிர்ப்பவரை உள்ளே உட்காரவைப்பது நல்லது.

நோவாவின் கதையில் எனக்கு வேறு அனுபவம். 2020 ஆகஸ்ட் 6 இரவு எங்கள் மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் யாருக்காவது அங்கே உறவு இருந்தது. அதற்குப் பிறகு நோவாவின் கதையை நான் இரண்டு ஆண்டுகள் தொடவில்லை. தொட்டபோதும், கெட்டவர்கள் எல்லோரும் தண்ணீரில் மூழ்கிச் செத்தார்கள் என்ற வரியை விட்டுவிட்டேன். அந்த வரியை ஒரு குழந்தை கேட்டால், மண்ணுக்குள் போன தன் அத்தை கெட்டவளா என்றுதான் முதலில் நினைக்கும். பேழைக்குள் மிருகங்களைக் கூட்டிச் சேர்த்தது, நாள்கணக்காகக் காத்திருந்தது, புறா ஒலிவ இலையைக் கொண்டுவந்தது, வானவில் தோன்றியது என்று ஐந்து வயதுக்கு அந்தக் கதையில் போதுமானது இருக்கிறது. தீர்ப்பைப் பற்றிப் பேசப் பெரிய வகுப்பு இருக்கிறது.

ஐயா ரப்பர் மரத்தடி ஆட்டைச் சொன்னார். எங்களுக்குக் கிடைத்தது திராட்சைத் தோட்டத்து வேலைக்காரர் உவமை. காலையில் வந்தவனுக்கும் பதினோராம் மணி வேளையில் வந்தவனுக்கும் ஒரே கூலி என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு வாண்டு எழுந்து, "யூனியன்காரங்க விடமாட்டாங்க டீச்சர்" என்றது. கொழுந்தை எடைபோட்டுக் கூலி எழுதுவதைத் தினமும் பார்க்கிற பிள்ளைக்கு அந்த உவமையின் முள் எங்கே இருக்கிறது என்று உடனே தெரிந்துவிட்டது. போதகர்கள் அரைமணி நேரம் பிரசங்கித்தும் வராத இடம் அது.

நடைமுறையில் இரண்டு காரியம். சிறு பிள்ளைகள் பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்கமாட்டார்கள். பாட்டைச் செய்கையோடு கதைக்கு நடுவில் வையுங்கள், முன்னால் வைக்கவேண்டாம். கதை முடிந்ததும், நீங்கள் விளக்கம் சொல்லாமல், பிள்ளைகளில் ஒருவரை எழுப்பி அதே கதையைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் எந்தச் சொல்லைப் போடுகிறார்களோ அதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டுக்கு உங்கள் பாடப் புத்தகம் அதுதான்.

அடுத்தது, 19 பிள்ளைகளை நீங்கள் ஒருவராகவா பார்க்கிறீர்கள்? இன்னொரு பெரியவர் கட்டாயம் வேண்டும். கதவு திறந்திருக்கவேண்டும். கழிவறைக்குப் பிள்ளையைக் கூட்டிப்போவது யார், யாரிடம் ஒப்படைத்து அனுப்புவது என்பதை எழுதிவையுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஆலய வளாகத்துக்கும் பொருந்தும். ஒரு பிள்ளை ஏதாவது சொன்னால் கமிட்டியில் பேசித் தீர்க்கிற விஷயம் அல்ல அது, காவல் துறைக்குத் தெரிவிக்கவேண்டியது. குழந்தைகள் உதவிக்கான 1098 என்ற தொலைபேசி எண்ணைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். ஒரு பெரியவர் "கோவிலில் இது எதற்கு" என்றார். ஒட்டினோம்.

மறுமொழி 4: கொழிஞ்சாம்பாறை வாசகர்

மார்த்தாண்டத்து ஐயாவோடு ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் பகுதியில் தமிழ் பேசும் இலத்தீன் கத்தோலிக்கருக்கென்றே 2013இல் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உருவானது. தமிழ் எங்களுக்கு உயிரான விஷயம்தான். ஆனாலும் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைக்கு மறைக்கல்வி நேரத்தில் எழுத்தைக் கொடுப்பதை நான் இரண்டு ஆண்டு செய்துபார்த்து நிறுத்திவிட்டேன். பள்ளிக்கூடத்தில் ஆங்கில எழுத்து, மலையாள எழுத்து, ஞாயிற்றுக்கிழமை தமிழ் எழுத்து என்று வந்ததும், பிள்ளைகள் ஞாயிறையும் ஒரு பள்ளிக்கூட நாளாக நினைத்தார்கள். ஒரு குழந்தை வீட்டில் வயிற்றுவலி என்று அழத் தொடங்கியது. எழுத்து எட்டு வயதுக்குப் பிறகு வரட்டும். அதற்கு முன் காது நிறையட்டும். தாலாட்டும் விடுகதையும் கேட்ட காதுக்கு எழுத்து தானாக வரும்.

வசனம் பற்றி: 12 வசனத்தை மேடையில் சொல்லத்தான் வேண்டும் என்றால், ஒவ்வொரு வசனத்தையும் ஒரு கதையோடு கட்டுங்கள். மேடையில் ஒரு பிள்ளை கதையை இரண்டு வரியில் சொல்லட்டும், அடுத்த பிள்ளை வசனத்தைச் சொல்லட்டும். 12 வசனம் ஆறாகக் குறைந்ததை யாரும் எண்ணமாட்டார்கள்.

மறுமொழி 1-இன் தொடர்ச்சி: மார்த்தாண்டம் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர்

தம்பி சொன்ன வயிற்றுவலியை நான் ஒப்புக்கொள்கிறேன். என் காலத்தில் பிள்ளைகள் வீட்டில் ஒரே மொழியில் எழுத்தைப் பார்த்தார்கள், இப்போது மூன்று. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் எழுத்து என்று திருத்திக்கொள்கிறேன். எட்டு வரைக்கும் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கழித்து எழுதுகிறேன். சபையில் இன்னொரு சகோதரி வகுப்புக்கு உதவியாக வருகிறார். ஆண்டு விழா பற்றிக் கமிட்டியில் பேசினேன். ஆறு வசனம், ஆறு கதை என்று ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூணாறு அக்கா சொன்னபடி அவரையே கிறிஸ்துமசுக்கு முந்திய வாரம் கதை சொல்ல அழைத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

ஈசாக்கின் கதையைக் கேட்டுப் பயந்த பையனின் வீட்டுக்குப் போனேன். அவனுடைய அப்பா ரப்பர் வெட்டுக்கு அதிகாலையில் போகிறவர். அவர் கையில் எப்போதும் கத்தி இருக்கும். அதை நான் யோசிக்கவே இல்லை. மூவருமாகத் திண்ணையில் உட்கார்ந்து காணாமல்போன ஆட்டின் கதையைச் சொன்னோம். ஆட்டைத் தேடிப் போகிறவராக அவன் அப்பா நடித்தார்.

நேற்று நோவாவின் கதையை மீண்டும் சொன்னேன். வெள்ளம் என்ற சொல்லை விட்டுவிட்டுப் பிரளயம் என்றேன். ஐயா சொன்னது உண்மை, அறையே அமைதியானது. பேழை, மிருகங்கள், புறா என்று சொல்லி முடித்தபின் ஒரு பிள்ளையைத் திரும்பச் சொல்ல அழைத்தேன். பட்டியைப் பற்றிக் கேட்ட அதே பெண் குழந்தை எழுந்தாள். கதையை அழகாகச் சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நின்று, "டீச்சர், சுத்தி முழுக்கப் பிரளயம்னா, நோவாவுக்குக் குடிக்க வெள்ளம் எங்கேயிருந்து கிடைச்சுது?" என்று கேட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளுக்கு ஒரு பதில் சொல்லவேண்டும். யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.